யாரும் சமைக்காத சமையலறை

ஊரே வீட்டை விற்கக் கிளம்பிவிட்டால் வாங்குவது யார்? இந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே ஃபிஜியின் பா நகரத்தில் இல்லத் தயாரிப்பு ஆலோசனை மன்றம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள் என்பது என் அபிப்பிராயம். என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. நான் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்து பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். நகரத்தை ஒட்டிய வரதோலியில் வாடகைக்கு இருந்தவன். விற்பதற்கு எனக்கு ஃபிஜியில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. அதனால் மன்றத்தார் கண்ணுக்கு நான் தெரியவே இல்லை.

அதற்கு முந்தின வருஷம், இரண்டாயிரம் மே மாதம், தலைநகர் சுவாவில் துப்பாக்கிக்காரர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து இந்திய வம்சாவளிப் பிரதமரின் அரசாங்கத்தையே பிணையாக உட்கார வைத்திருந்தார்கள். எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோதே நிறையப் பேர் மூட்டை கட்டியாயிற்று. இது நம் ஊர், எங்கே போவது என்று அப்போது இருந்துவிட்டவர்கள் இப்போது பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில் நின்றார்கள். ஆக்லாந்து, பிரிஸ்பேன், வான்கூவர் என்று பக்கத்து பஸ் ஸ்டாப்பைச் சொல்வதுபோலச் சொன்னார்கள்.

மன்றம் இருந்த இடம் முன்பு புடவைக் கடை. கடைக்காரர் கனடா போய்விட்டார். புடவை கட்டி நிறுத்திய பொம்மை ஒன்று மிச்சம் இருந்தது. அதற்குக் கோட்டு மாட்டி வரவேற்பில் நிறுத்தியிருந்தார்கள். அந்த ஆபீசில் வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்தது அது ஒன்றுதான். தலைவர் மகேந்திரா, முன்பு கரும்புக்காரர்களுக்கு உரம் விற்றவர். கரும்பும் போய், கரும்புக்காரர்களும் போன பிறகு, போகிறவர்களுக்கு ஆலோசனை விற்றார். வீட்டை விற்பது ஆள் இல்லை, சமையலறை என்பது அவருடைய வேதம். வெளிநாட்டில் நிரூபிக்கப்பட்டது என்பார். எந்த வெளிநாடு என்று கேட்டால் எல்லா வெளிநாடும் என்பார்.

என் எதிர்வீடு சின்னப்பண்ணனுடையது. ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டி ஓய்ந்தவர். சொந்த மண்ணில் கட்டிய வீடு. குத்தகை முடிந்தது, காலி பண்ணு என்று யாரும் சொல்ல முடியாது. அவர் மனைவி லீலாவதி அக்கா. வீட்டில் அவர்கள் பேசுவது இந்திதான், ஃபிஜி இந்தி. ஆனால் என்னைக் கண்டால் இருவருக்கும் தமிழ் வந்துவிடும். அவர்கள் அப்பா அம்மா பேசிய அந்தக் காலத்து மதராசுப் பக்கத் தமிழ். ஒரே மகள் ரினல். பிரனில் என்ற பையனைக் கட்டிக்கொண்டு ஆக்லாந்தில் இருந்தாள். மாசமாக இருந்தாள்.

அதுதான் விஷயமே. ரினலுக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அப்போது அக்கா இங்கே, மகள் அங்கே. என் வீட்டு டெலிபோனில்தான் அந்தச் செய்தி வந்தது. அக்கா போனை வைத்துவிட்டு, 'அவ என்ன சாப்பிட்டான்னு கேக்க மறந்துட்டேனே' என்று ஒரு மணி நேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை வலி எடுப்பதற்கு முன்னால் மகள் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்று உறுதியாக இருந்தார். வீடு விற்றால்தான் பயணம். விற்காவிட்டால் இல்லை.

அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களில் ஒரு வழக்கம். பிள்ளை பெற்றவளுக்கு முதல் கவளம் அம்மா கையால். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் வறுத்து இடித்த மருந்துப்பொடியைப் பூண்டுக் குழம்பில் போட்டு, நல்லெண்ணெய் விட்டுச் சுடுசோற்றில் பிசைந்து ஊட்ட வேண்டும். அந்தப் பொடியை அந்தப் பெண் வளர்ந்த வீட்டு அடுப்பில்தான் வறுக்க வேண்டும், வேறு அடுப்பு கூடாது. கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர்கள் வழியில் மொழியைக்கூடப் பாதி தொலைத்தார்கள், இதைத் தொலைக்கவில்லை. ஏர்போர்ட்டில் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பிடுங்குறவனையும் ஒரு அம்மாதான பெத்திருப்பா என்றார் அக்கா. சாமான்களை எல்லாம் வாங்கிக் காயவைத்தாயிற்று. வறுப்பதற்கு ஒரு நல்ல நாள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தோம்.

மன்றத்தில் பதிந்ததும் ஷால்வின் வந்தான். சமையலறைப் பிரிவு அதிகாரி. பிரிஸ்பேனில் ஒரு வாரம் பயிற்சி எடுத்தவன். கையில் வெள்ளை உறை போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்தான். பிறகு கண்ணைத் திறந்து, வருத்தமாக, இங்கே ஒரு குடும்பம் இருக்கிறது என்றான்.

ஆமாம் என்றார் சின்னப்பண்ணன், பெருமையாக.

அதுதான் கோளாறு என்றான் ஷால்வின். வாங்க வருகிறவன் இந்தச் சமையலறையில் தன் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். உங்கள் வாழ்க்கை நடுவில் நின்று மறைக்கிறது. அதை எடுத்து வெளியே வையுங்கள். இதைச் சொல்லிவிட்டு, எதை எதை எடுக்க வேண்டும் என்று கையைக் காட்டிக்கொண்டே போனான். ஊறுகாய் ஜாடிகள். அம்மி. சுவரில் மஞ்சள் கறை பட்ட இடம். ரினல் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நின்று உயரம் அளந்த நிலைக்கதவுக் கோடுகள். பலகையில் இருந்த முருகன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் யோசித்தான். கடவுளைப் பற்றி மன்றத்துக்குக் கருத்து எதுவும் இல்லை, ஆனால் அவர் யாரோ ஒருவருடைய கடவுள் என்று தெரிகிறாரே, அதுதான் சங்கடம் என்றான். முருகன் துணி துவைக்கும் கொட்டகைக்குப் போனார்.

அக்கா ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. சமையலறையை ஒட்டித் தகரம் போட்ட இடத்தில் விறகடுப்பு இருந்தது. அதன் மேலே உத்திரத்தில் படிந்திருந்த கரியைக் கத்தியால் சுரண்டினார். கோடுகளின் மேல் வெள்ளை பெயின்ட் அடித்தார். அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொட்டார், நான் பார்த்தேன்.  போயும் போயும் ஒரு கதவு என்று சொல்லிக்கொண்டேன். ரினலுக்காகத்தானே என்று அவர் சொல்லிக்கொண்டார்.

வெள்ளையடித்த சமையலறைக்கு மன்றம் தன் சொத்தைக் கொண்டுவந்து வைத்தது. ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம், ப்ளாஸ்டிக். கேக் செய்யும் புத்தகம் ஒன்று, ஏதோ ஒரு பக்கத்தில் திறந்தபடி. அந்தப் பக்கத்தைத் திருப்பக் கூடாது. அடுப்புக்குப் பின்னால் வெனிலா எசன்ஸை ஷால்வின் கல்யாண மாப்பிள்ளைக்கு அத்தர் பூசுவதுபோல் பூசினான். அந்த எலுமிச்சங்கிண்ணம் அதற்கு முன் அந்தத் தெருவில் பல வீடுகளில் இருந்துவிட்டு வந்தது. எந்த வீடும் விற்கவில்லை. கிண்ணத்துக்கு நல்ல அனுபவம் என்றான் ஷால்வின்.

இரண்டாவது சோதனையிலும் சமையலறை தேறவில்லை. மணம். மணத்தில் மூன்று நிலை உண்டாம். இன்று சமைத்தது முதல் நிலை, நேற்று சமைத்தது இரண்டாம் நிலை. இங்கே இருப்பது மூன்றாம் நிலை, தலைமுறை மணம், சுவருக்குள் இறங்கிவிட்டது, பெயின்டையும் தாண்டி வருகிறது. இதற்கு ஒரே வைத்தியம், இனி இங்கே யாரும் சமைக்கக் கூடாது. எத்தனை நாளைக்கு என்று சின்னப்பண்ணன் கேட்டார். விற்கும்வரை என்றான். மணம் போகும்வரை ஆட்களைக் கூட்டி வந்து காட்ட முடியாது என்றும் சொன்னான், மன்றத்துக்கு ஒரு பேர் இருக்கிறதாம்.

என் வீட்டில் சமைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன். சொன்ன வாரமே என் வீட்டுக்காரரும் மன்றத்தில் பதிந்துவிட்டார். என் சமையலறையும் வெள்ளையடித்து மூடப்பட்டது. எனக்கும் ஒரு கேக் புத்தகம் வந்தது. தெருவில் ஒவ்வொரு வீடாக அடுப்பு அணைந்தது. கோடியில் இரண்டு மூன்று வீடுகளில் மட்டும் புகை வந்தது, அவர்கள் இன்னும் பதியவில்லை. மற்றவர்கள் எல்லாரும் ரொட்டிக்கடை ரொட்டியும் டப்பா மீனும் தின்றுகொண்டு, தங்கள் சமையலறைகளைக் கோயில்போல் பூட்டி வைத்துக் காவல் காத்தோம். யார் வரப் போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கே ஆச்சரியம்.

நாள் போய்க்கொண்டிருந்தது. ரினலுக்கு ஏழு மாதம் முடிந்தது. மருந்துப்பொடிச் சாமான்கள் மூட்டையில் இருந்தன. ஒரு காலைப் பொழுது மட்டும் அடுப்பைப் பற்றவைத்து வறுத்துக்கொள்கிறேன், அப்புறம் மூடிவிடுகிறேன் என்று அனுமதி கேட்க அக்கா மன்றத்துக்குக் கிளம்பினார். துணைக்கு நானும் போனேன். மகேந்திரா எங்களை மரியாதையாக உட்காரவைத்தார். அவர் இந்தியிலும் இங்கிலீஷிலும் பேசியதைத் தமிழில் சொல்கிறேன்.

"அம்மா, உங்களுக்குச் சமைக்க வேண்டுமா, கிளம்ப வேண்டுமா? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். சமைக்கிறவர்கள் இருக்கப் போகிறவர்கள். இருக்கப் போகிறவர்களிடம் யார் வீடு வாங்குவான்? விற்கிறவர்கள் ஏற்கெனவே போய்விட்ட மாதிரி இருக்க வேண்டும். உடம்பு மட்டும் சும்மா கையெழுத்துப் போடுவதற்காக இங்கே தங்கியிருக்கிற மாதிரி. நான் யாரையும் விரட்டவில்லை. துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் விரட்டுகிறார்கள். நான் சுவருக்கு வெள்ளை அடிக்கிறேன், அவ்வளவுதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓமம் வறுத்தால் தேசத்துக்கே கெடுதலா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவிடம், ஓமம் ஐந்தாம் நிலையில் வரும் என்றார். மூன்று நிலைதானே என்று அக்கா கேட்டார். ஓமத்துக்காகப் புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கும் என்றார்.

அக்கா மூட்டையைத் திரும்பக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

அடுத்து நடந்ததற்கு நான் யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். மன்றத்தின் விதிகளையும் நம் ஆட்களின் வழக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. சாமி படத்தை எடுத்து வைத்துவிடுவார்கள். சாமான்களைத் தூக்கி வெளியே போடுவார்கள். ஆண்பிள்ளை சவரம் செய்ய மாட்டான். சின்னப்பண்ணன் அடுப்பில் காய்ச்சிய வெந்நீரில்தான் சவரம் செய்வார். அடுப்பு இல்லாததால் அவருக்கு நரைத்த தாடி வளர்ந்திருந்தது. தெருக்கோடி உர்மிளா எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். ஒரு காலையில் நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு, வெள்ளைச் சேலையில், மூடிய பாத்திரங்களில் சோறும் பருப்பும் பூசணிக்காயும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். சாவு வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் கொண்டுவருகிற சோறு.

உர்மிளா வந்த வேகத்தில் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். மற்றவர்களும் அழுதார்கள். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் சேலையைப் பார்த்தார், சோற்றுப் பாத்திரத்தைப் பார்த்தார். நான் கேட்டைத் திறந்துகொண்டு ஓடுவதற்குள் அவர் முகம் வெளிறிவிட்டது.

"ரினலா?" என்றார்.

அவர்களுக்கு அது பதிலாகப் பட்டது. ஐயோ ரினலா என்று உர்மிளா தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ரினல் செத்துவிட்டதாக இவர்கள் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று அக்கா நினைத்தார். செத்தது ரினல்தான் என்று அக்கா சொல்வதாக அவர்கள் நினைத்தார்கள். கொட்டகையிலிருந்து வந்த சின்னப்பண்ணன் இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் கத்தித்தான் நிறுத்தினேன். என் வீட்டுக்கு எல்லாரையும் இழுத்துப் போய் ஆக்லாந்துக்குப் போன் போட்டு, தூக்கத்திலிருந்து எழுந்த ரினலின் குரலைக் கேட்டபிறகுதான் அக்காவுக்கு மூச்சு வந்தது. என்ன சாப்பிட்டே என்று கேட்டார். அம்மா, இப்பதான் எழுந்தேன் என்று அவள் அலுத்துக்கொண்டாள்.

கொண்டுவந்த சோற்றை யாரும் வீணாக்கவில்லை. வெகு நாள் கழித்துச் சூடான சோறு. உர்மிளா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே பரிமாறினாள். எல்லாரும் சாப்பிட்டோம். சாவு வீட்டுச் சோறு என்பதை மறந்துவிட்டு இன்னும் கொஞ்சம் பருப்பு கேட்டேன்.

செய்தி மன்றத்துக்குப் போயிற்று. மகேந்திரா நேரே வந்துவிட்டார், முகமெல்லாம் சிரிப்பு. மன்னிப்புக் கேட்க வந்தார் என்று நினைத்தேன். பாராட்ட வந்திருந்தார். அக்கம்பக்கத்தாரே இந்த வீட்டில் உயிர் இல்லை என்று நம்பினார்கள் என்றால் இதுவரை எந்த வீட்டுக்கும் கிடைக்காத வெற்றி என்றார். இனி ஆட்களைக் கூட்டி வரலாம் என்றார்.

போகிறபோது வெள்ளைச் சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றார். "என் வீட்டிலும் இப்படித்தான் வைத்திருக்கிறேன்" என்றார். "மனைவியும் பிள்ளைகளும் வான்கூவர் போய் இரண்டு வருஷம். ஒரு நாள்கூட நான் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. டப்பா மீன்தான். யாராவது வந்து பார்த்தால் அங்கே ஒருத்தன் இருக்கிறான் என்றே சொல்ல மாட்டார்கள்." இதையும் பெருமையாகத்தான் சொன்னார். வீடு விற்றதா என்று சின்னப்பண்ணன் கேட்டார். மகேந்திரா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த கோபத்தைக்கூட முழுசாக வைத்துக்கொள்ள விடவில்லை.

வாங்க வந்தவர்கள் ராக்கிராக்கி ஊரில் பினாங்கு சர்க்கரை ஆலைப் பக்கத்துக் கரும்புக்காரர்கள். ராமசாமி, அவர் மனைவி கம்லா. மூன்று தலைமுறை உழுத நிலத்தின் குத்தகை முடிந்துவிட்டது, நிலத்துக்காரர்கள் புதுப்பிக்கவில்லை. வெளிநாட்டில் அவர்களுக்கு யாரும் கிடையாது. போவதற்கு இடம் இல்லாதவர்கள்தான் எங்கள் தெருவில் வீடு வாங்க வந்தார்கள். மன்றத்துக்கு அது தோன்றவே இல்லை. ஆஸ்திரேலியாவில் இருந்து யாரோ வருவார்கள் என்றுதான் கேக் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார்கள்.

ராமசாமி கூரையைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், தலையாட்டினார். கம்லா நேராகச் சமையலறைக்குப் போனாள். வாசற்படியில் ஒரு காலை வைத்தவள் அந்தக் காலைத் திரும்ப எடுத்துவிட்டாள். உள்ளே பார்த்தாள். சுரண்டிய உத்திரம், குளிர்ந்த அடுப்பு, விளக்கு இல்லாத பலகை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அக்காவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"யார் போயிட்டாங்க, தீதீ?"

மகேந்திரா முந்திக்கொண்டார். இந்தச் சமையலறையில் பல வாரமாக யாருமே சமைக்கவில்லை என்று உத்தரவாதம் கொடுத்தார். யாருடைய கையும் படவில்லை என்றார். யார் வாழ்ந்த அடையாளமும் இல்லை, வேண்டுமானால் மோந்து பாருங்கள் என்றார். அவர் சொல்லச் சொல்லக் கம்லா பின்னால் போய்க்கொண்டே இருந்தாள். ராமசாமி செருப்பைத் தேடினார். எங்களிடம் இருக்கிற கஷ்டம் போதும், அணைந்த அடுப்பை வேறு வாங்கிக்கொண்டு போக முடியாது என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார்.

கேட்டருகே போய்விட்டார்கள். ரினலுக்கு எட்டு மாதம் நடந்துகொண்டிருந்தது. சின்னப்பண்ணன் மனைவியைப் பார்த்தார்.

"ஒருத்தரும் சாகல" என்றார் அக்கா. "உள்ள வா கம்லா. உக்காரு."

கட்டிலுக்கு அடியில் இருந்த மூட்டையை எடுத்து வந்தார். எலுமிச்சங்கிண்ணத்தைத் தூக்கி மகேந்திராவின் கையில் கொடுத்தார். கேக் புத்தகத்தை மூடினார். விறகை அடுக்கி அடுப்பைப் பற்றவைத்தார். விறகு ஈரம். புகை எழுந்து வெள்ளைச் சுவரில் ஏறியது. ஷால்வின் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைத் திறக்க ஓடினான். அக்கா யாரையும் பார்க்கவில்லை. முதலில் தேநீர் வைத்தார், இஞ்சி தட்டிப் போட்டு. பிறகு இரும்புச் சட்டியில் ஓமத்தைக் கொட்டி வறுத்தார். பொரிகிற சத்தமும் வாசனையும் வந்தன. கம்லா பக்கத்தில் வந்து குந்திக்கொண்டாள். யாருக்கு என்று கேட்டாள். மகளுக்கு என்றார் அக்கா. ஒரு கை வறுக்க மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகைதான் என்றார். எங்க அம்மாவும் இப்படித்தான் வறுப்பாங்க என்றாள் கம்லா. கேட்காமலே துடுப்பை வாங்கித் தானும் கிளறினாள்.

அவர்கள் வீட்டை வாங்கிக்கொண்டார்கள். மறு வாரமே மன்றத்தின் சுவரில் அக்காவின் வெள்ளைச் சமையலறையின் படம் மாட்டப்பட்டது, எலுமிச்சையோடு. கீழே விற்றுவிட்டது என்று பெரிய எழுத்து. அடுப்பு இல்லை, புகை இல்லை. ஆனால் மகேந்திரா கற்றுக்கொள்கிற ஆள். அடுத்த மாதத்திலிருந்து, காட்டுகிற நாளில் மட்டும் கால் மணி நேரம் ஓமம் வறுக்க விற்பவர்களுக்கு அனுமதி உண்டு, மன்ற அதிகாரி பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்வார் என்று புது விதி வந்தது. ஓமமும் மன்றமே வாடகைக்குத் தருமாம். திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம்.

வெள்ளிக்கிழமை வீட்டுச் சாவியைக் கொடுப்பதாகப் பேச்சு. அடுத்த வாரம் விமானம். பொடி இடித்து டப்பாவில் அடைத்தாயிற்று. அக்கா என் வீட்டுக்கு வந்து, பெட்டியில் எதை மேலே வைப்பது எதைக் கீழே வைப்பது என்று என்னிடமே யோசனை கேட்டார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. புதன்கிழமை காலையில் போன் வந்தது.

பிரனில் பேசினான். பிள்ளை முந்திக்கொண்டுவிட்டது, பெண் குழந்தை, இருவரும் நலம். நான் ஓடிப்போய் அவர்களைக் கூட்டி வந்தேன். அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு, சிரித்தார், அழுதார். ரினலிடம் கொடுக்கச் சொன்னார். என்ன சாப்பிட்டே என்று கேட்டார். ரினலுக்கு இந்திதான் வரும், அவள் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. ஆஸ்பத்திரியில் சாண்ட்விச் கொடுத்தார்களாம். குளிர்ந்த பால், ஐஸ்கிரீம்.

 நான் அடுத்த வாரம் வந்துடறேன், அதுவரைக்கும் குளிர்ச்சி எதுவும் தொடாதே என்றார் அக்கா.

 பிறகு ரினல் மெதுவாகச் சொன்னாள். பிரனிலின் அம்மா சிட்னியிலிருந்து வந்திருக்கிறார்கள். வீட்டில் இரண்டு அறைதான். வீட்டுக்காரன் அதற்கு மேல் ஆட்களை வைத்துக்கொள்ள விடமாட்டான். வருஷக் கடைசியில் பெரிய வீடு பார்க்கிறோம். "இப்ப அவசரம் இல்லைம்மா. நான் நல்லாத்தான் இருக்கேன். நிதானமா வாங்க." சொல்லிவிட்டு அவளும் அழுதாள். கெட்ட பெண் இல்லை. இடம் இல்லை, அவ்வளவுதான்.

சரிம்மா என்றார் அக்கா. பேத்திக்கு என்ன பேர் என்று கேட்கச் சின்னப்பண்ணன் கையை நீட்டினார், அதற்குள் போன் கட்டாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை சாவியைக் கொடுத்தாக வேண்டும், கொடுத்தார்கள். சுவா பக்கத்து லாமியில் சின்னப்பண்ணனின் தம்பி வீட்டில் ஒரு அறை இருந்தது. டிக்கெட்டை மாற்றிக்கொள்ளும்வரை அங்கே இருப்பதாக ஏற்பாடு. அன்றே கம்லா புது வீட்டில் பால் காய்ச்சினாள். எங்களையும் கூப்பிட்டிருந்தாள். அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றார். இத்தனை வருஷம் யோசிக்காமல் தாண்டிய படியைத் தாண்டாமல் நின்றார்.

"கம்லா, கொஞ்சம் அடுப்பு வேணும். ஒரு வேளைக்கு" என்றார்.

கம்லா எழுந்து இடம் விட்டாள். அக்கா டப்பாவைத் திறந்தார். பூண்டு உரித்தார். நல்லெண்ணெயில் வதக்கி, புளி கரைத்து ஊற்றி, மருந்துப்பொடியைத் தாராளமாகப் போட்டார். சாதத்தை வடித்தார்.  யாருக்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தட்டில் சூடாகச் சோற்றைப் போட்டு, குழம்பை விட்டு, எண்ணெய் ஊற்றி, சின்னப்பண்ணன் முன்னால் கொண்டுபோய் வைத்தார். அவர் தனக்கென்று நினைத்துக் கையைக் கழுவினார். அக்கா அவர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பிசைஞ்சு ஊட்டுங்க" என்றார். "நானும் பெத்தவதான?"

சின்னப்பண்ணன் பிசைந்தார்.  முதல் கவளத்தை உருட்டி நீட்டினார். அக்கா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.